மங்கும் வெட்டுக்கட்டையும்

(பள்ளியின் பரிசளிப்பு விழாவில், ஓய்வு பெற்ற சுகாதாரப் பணியாளர் ஒருவர் ஆற்றிய உரை)

 

பரிசளிப்பு விழா என்றால் கல்வியின் பெருமையைப் பேச வேண்டும். தாய்மொழியின் சிறப்பைச் சொல்ல வேண்டும். அதையெல்லாம் எனக்கு முன்னே பேசியவர்கள் அழகாகச் சொல்லிவிட்டார்கள். எனக்கு அவ்வளவு பேச்சுத் திறமை கிடையாது. முப்பது வருடத்துக்கு மேல் சுகாதாரப் பகுதியில் வேலை பார்த்தவன் நான். மார்க்கெட், ஒட்டுக்கடை, பள்ளிச் சிற்றுண்டிச்சாலை என்று சுற்றியே காலம் போய்விட்டது. ஆகவே எனக்குத் தெரிந்ததைத்தான் பேசப் போகிறேன். கோழிக்கடையில் ரெக்கை பிடுங்குகிற மெஷினைப் பற்றியும், கறி வெட்டுகிற கட்டையைப் பற்றியும் பேசப் போகிறேன்.

பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரியுங்கள், பரவாயில்லை. ஆனால் மண்டபத்துக்குப் பின்னால் அண்டாவில் கோழிக்கறி கொதிக்கிற வாசம் உங்களுக்கு வருகிறதா, இல்லையா? இன்னும் ஒரு மணி நேரத்தில் நாம் எல்லாரும் பந்தியில் உட்காரப் போகிறோம். அந்தக் கறி அண்டாவுக்கு வந்து சேருவதற்கு முன்னால் எத்தனை இரும்பு, எத்தனை மரம், எத்தனை ரப்பர், எத்தனை கை அதைத் தொட்டிருக்கும்? என்றைக்காவது நினைத்துப் பார்த்திருக்கிறோமா? என் வீட்டிலும் ஒரு காலத்தில் நினைத்துப் பார்க்கவில்லை. அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் அப்பா பால்மரம் வெட்டியவர். பெர்னாம் ஆற்றங்கரையை ஒட்டிய ஒரு தோட்டம். இன்றைக்கு அங்கே செம்பனை நிற்கிறது, அப்போது ரப்பர். விடியற்காலை பெரட்டு முடிந்து நிரையில் நுழைந்தாரென்றால், ஒவ்வொரு மரத்திலும் மங்கைக் கையில் எடுத்து, விரலை விட்டு வழித்து, துடைத்து, அதற்குப் பிறகுதான் பால் விழ வைப்பார். முதல் நாள் ஒட்டிக்கிடக்கும் கட்டிப்பாலை ஒரு பொட்டு விடாமல் உரித்தெடுப்பார். பள்ளி விடுமுறையில் நானும் கூடப் போவேன். “ஏம்ப்பா, பால்தானே விழப்போவுது, எதுக்கு இந்தத் தொடை தொடைக்கிறீங்க?” என்று கேட்பேன். “அழுக்கு மங்குல விழுந்த பாலு ஸ்டோருக்குப் போறதுக்குள்ள திரிஞ்சு போயிரும்டா. ஒரு மங்கு கெட்டா ஒரு வாளி கெடும்” என்பார்.

அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பாக்டீரியா என்ற சொல் அவர் காதில் விழுந்ததே இல்லை. ஆனால் அவர் சொன்னது அசல் விஞ்ஞானம். மரத்திலிருந்து வடிகிற பாலை, மங்கில் ஒட்டியிருக்கும் பாக்டீரியாக்கள் உண்டு வளர்ந்து, அமிலத்தை உண்டாக்கி, திரிய வைக்கின்றன. அதனால்தான் மங்கைச் சுத்தமாக வைக்கச் சொன்னார்கள். பால் திரியாமல் இருக்க அமோனியா கலந்ததும் அதற்காகத்தான். ஆக, ‘கருவி அழுக்கானால் பொருள் கெடும்’ என்ற பாடத்தை நம் தோட்டத்துச் சனங்கள் நூறு வருடத்துக்கு முன்பே படித்துவிட்டார்கள். பரிசு கொடுக்க வேண்டுமானால் அவர்களுக்கும் ஒன்று கொடுக்கலாம்.

அதே அப்பாதான் தீபாவளிக்குத் தீபாவளி எங்கள் லயத்தில் ஆடு வெட்டுவார். பத்துப் பன்னிரண்டு குடும்பம் பணம் போட்டு ஓர் ஆடு வாங்கும். வெட்டி, கூறு போட்டு, ஆளுக்கொரு பங்கு. அதற்கென்று பலாமரத் துண்டு ஒன்று இருந்தது. வருடம் பூராவும் லயத்து ஓரத்தில் மழையிலும் வெயிலிலும் கிடக்கும். கோழி அதன் மேல் ஏறி நிற்கும். நாய் அதன் பக்கத்தில் படுத்துக் கிடக்கும். தீபாவளி வந்தால் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றுவார்கள். அவ்வளவுதான் அதற்குக் குளிப்பு.

1963-ஆம் ஆண்டுத் தீபாவளி. எனக்கு ஒன்பது வயது. ஆட்டை வெட்டினார்கள். அந்தக் கட்டையின் மேலேயே குடலைக் கீறிச் சுத்தம் செய்தார்கள். கறியைக் கூறு போட்டார்கள். கோணிச் சாக்கால் கட்டையைத் துடைத்தார்கள். மதியம் மூன்று வீட்டுக்காரர்கள் சேர்ந்து சாப்பிடுவதாக ஏற்பாடு. பச்சடிக்கு வெள்ளரிக்காயும் வெங்காயமும் நிறைய அரிய வேண்டியிருந்தது. வீட்டுப் பலகை போதவில்லை என்று அதே கட்டையில், அதே கத்தியால் அரிந்தார்கள்.

மறுநாள் ராத்திரிக்குள் மூன்று வீட்டிலும் வாந்தி, பேதி, காய்ச்சல். பதினொரு பேர் படுத்துவிட்டார்கள். நானும் அதில் ஒருவன். பக்கத்து வீட்டில் இரண்டு வயது நிரம்பாத ஒரு பிள்ளை. ‘தண்ணி குடுத்தா இன்னும் போவும், குடுக்காதே’ என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். மூன்றாம் நாள் தெலுக் அன்சன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிற வழியிலேயே பிள்ளை போய்விட்டது. இன்றைக்குத் தெலுக் இந்தான் என்கிறோமே, அந்த ஊருக்கு அப்போது அதுதான் பெயர்.

அப்பா ஆட்டைக் குறை சொன்னார். ஆடு விற்றவர், ‘என் ஆட்டுக்கு ஒரு நோயும் கிடையாது’ என்று சத்தியம் செய்தார். சண்டையாகி, இரண்டு குடும்பமும் பல வருடம் பேசாமல் போனது. இன்னும் சிலர் ‘கண்ணு பட்டுடுச்சு’ என்றார்கள். யாரும் கட்டையைப் பற்றிப் பேசவில்லை.

பிற்பாடு நான் சுகாதாரப் பகுதியில் சேர்ந்து, பயிற்சி வகுப்பில் உட்கார்ந்திருந்தபோது ஒரு நாள் சட்டென்று ஒன்று ஞாபகத்துக்கு வந்தது. அந்தப் பதினொரு பேரில் ஒரு பாட்டியும் உண்டு. அந்தப் பாட்டி கறியே தொடாதவர்! சோறு, பருப்பு, பச்சடி, இவ்வளவுதான் அன்றைக்கு அவர் சாப்பிட்டது. அப்படியானால் குற்றவாளி யார்? கொதித்த குழம்பு இல்லை. ஆட்டுக் குடலில் இருந்த கிருமி கட்டைக்கு வந்தது. கட்டையிலிருந்து வெள்ளரிக்காய்க்குப் போனது. வெள்ளரிக்காயை யார் வேக வைத்தார்கள்? பச்சையாகத்தானே தின்றோம்! ஆய்வுக்கூடம் அதைச் சோதித்துப் பார்க்கவில்லை என்பது உண்மைதான். ஆனாலும் இவ்வளவு காலம் இந்த வேலையில் இருந்துவிட்டு, எனக்கு வேறு காரணம் தோன்றவில்லை.

தினமும் நூற்றுக்கணக்கான மங்கைத் துடைத்த கை, வருடத்துக்கு ஒரு முறை ஒரு கட்டையைத் தேய்த்துக் கழுவவில்லை. அப்பா கெட்டவர் அல்ல, சோம்பேறியும் அல்ல. அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய இடத்தில் இன்று நான் நிற்கிறேன். அதனால்தான் இந்தப் பேச்சு.

மாணவச் செல்வங்களே, இப்போது உங்களுக்கு ஒரு கணக்கு. பாக்டீரியா ஒன்று, இரண்டாகப் பிளந்துதான் பெருகும். நல்ல சூடும் ஈரமும் தீனியும் கிடைத்தால் சில வகைகள் 20 நிமிடத்துக்கு ஒரு தரம் பிளக்கும். நம் நாட்டு வெயிலும், கட்டையில் கசியும் இரத்தமும் இருந்தால் வேறென்ன வேண்டும்? விடியற்காலை 5 மணிக்கு ஒன்று இருக்கிறதென்று வையுங்கள். 6 மணிக்கு 8. 7 மணிக்கு 64. 9 மணிக்கு 4,096. மதியம் 12 மணிக்கு 20 லட்சத்துக்கு மேலே! நம்பாதவர்கள் வீட்டுக்குப் போய் இரண்டால் பெருக்கிக்கொண்டே வாருங்கள்; 21 முறை பெருக்க வேண்டும். நிசத்தில் தீனி தீர்ந்து, இடம் நெருங்கி, வேகம் குறையும். ஆனாலும் காலையில் வாங்கிய கறிக்கும், கடை கட்டுகிற நேரத்தில் அதே கட்டையில் வெட்டிய கறிக்கும் உள்ள வித்தியாசம் இப்போது புரிகிறதல்லவா?

இந்தக் கூட்டத்தில் அடிக்கடி பெயர் அடிபடுவது சால்மோனெல்லா. சால்மன் மீனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. டேனியல் சால்மன் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவரின் பெயரால் வந்தது. 1885-இல் அவருடைய உதவியாளர் தியோபால்ட் ஸ்மித் கண்டுபிடித்தார். பெயர் மட்டும் தலைவருக்குப் போய்விட்டது! கோழியின் குடலில் இது சத்தமில்லாமல் குடியிருக்கும். கோழிக்கு ஒன்றும் செய்யாது. பார்த்தால் கோழி கொழுகொழுவென்று இருக்கும். கேம்பிலோபேக்டர் என்று இன்னொன்று. அதுவும் கோழிக் குடலில் குடியிருப்பதுதான். மாட்டுக் குடலில் ஈ.கோலி ஓ157 என்று ஒரு பொல்லாத வகை உண்டு. சின்னப் பிள்ளைகளின் சிறுநீரகத்தையே கெடுத்துவிடும்.

சரி, குடலுக்குள் இருப்பது கறிக்கு எப்படி வருகிறது? வாருங்கள், மார்க்கெட்டில் ஒரு கோழியோடு கூடவே போய்ப் பார்ப்போம்.

கோழியை அறுத்து இரத்தம் வடிய விடுகிறார்கள். பிறகு சுடுதண்ணீரில் முக்குகிறார்கள். அந்தத் தண்ணீர் கொதிக்கிற தண்ணீர் அல்ல. கொதித்தால் தோல் வெந்து கிழிந்துவிடும் என்று, ஐம்பது அறுபது டிகிரி செல்சியஸ் சூட்டில் வைப்பார்கள். காலில், ரெக்கையில், பின்பக்கத்தில் ஒட்டியிருக்கும் எச்சமெல்லாம் அதில்தான் கரைகிறது. முதல் கோழி முங்கிய தண்ணீரில்தான் ஐம்பதாவது கோழியும் முங்குகிறது.

அடுத்தது ரெக்கை பிடுங்குகிற மெஷின். உருளைக்குள்ளே விரல் விரலாக ரப்பர் நீட்டிக்கொண்டிருக்கும். அந்த ரப்பருக்கு நம் கையே பால் எடுத்துக் கொடுத்திருக்கலாம்! மெஷின் சுற்றும்போது அந்த விரல்கள் கோழியை அடித்து அடித்து ரெக்கையை உருவுகின்றன. அடிக்கிற அடியில் குடலில் உள்ளதும் கொஞ்சம் வெளியே பிதுங்கும். புது ரப்பர் வழவழவென்றிருக்கும். நாள்பட்டால் வெடிப்பு விடும். மயிர் போல் மெல்லிய அந்த வெடிப்பு, கிருமிக்கு ஒரு லயத்து வீடு மாதிரி. மேலே தண்ணீர் அடித்தால் மேல் அழுக்குத்தான் போகும். உள்ளே இருப்பவன் பத்திரமாக இருப்பான். அடுத்த கோழிக்கும், அதற்கடுத்த கோழிக்கும் போய்ச் சேருவான்.

பிறகு குடல் எடுக்கிற மேசை. அவசரத்தில் குடல் ஒரு இடத்தில் கிழிந்தால் போதும். பிறகு வெட்டுக்கட்டை, கத்தி, தராசுத் தட்டு, தோளில் கிடக்கும் கரித்துணி. கத்தியை அந்தத் துணியில் துடைக்கிறார், கையைத் துடைக்கிறார், தராசைத் துடைக்கிறார், பிறகு உங்களிடம் வெள்ளியை வாங்கி மீதியும் கொடுக்கிறார். சுத்தம் செய்யும் துணி என்று நாம் நினைக்கிறோம். அது அழுக்கைப் பங்கு போடுகிற துணி.

கட்டையைத் தொட்டுப் பார்த்தால் சில சமயம் ஒரு வழவழப்புத் தெரியும். அது வெறும் கொழுப்பு அல்ல. பாக்டீரியாக்கள் பசை போன்ற ஒன்றைச் சுரந்து, அதற்குள் கூட்டமாக ஒட்டிக்கொள்ளும். தங்களுக்குத் தாங்களே கூரை போட்டுக்கொள்கிற மாதிரி. அந்தக் கூரையைத் தேய்த்துப் பிய்க்காமல் மேலே எந்த மருந்தை ஊற்றினாலும் உள்ளே முழுக்கப் போகாது. நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் ஓரத்தில் படியும் வழவழப்பும் இதன் பங்காளிதான்.

இதெல்லாம் வாய்ப்பேச்சு என்று யாரும் நினைக்க வேண்டாம். 1996-இல் நம் மலேசிய ஆராய்ச்சியாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஈரச் சந்தைகளில் எடுத்த 445 கோழிகளைச் சோதித்ததில் 158-இல் சால்மோனெல்லா இருந்தது. அதாவது 35.5 விழுக்காடு, மூன்று கோழிக்கு ஒன்றுக்கும் மேலே. ‘பார்த்தீங்களா, மார்க்கெட் கோழியே வேணாம்’ என்று அவசரப்படாதீர்கள்! அதே ஆய்வில் கோழி வெட்டும் தொழிற்சாலைகளில் எடுத்த 104 கோழிகளில் 52-இல் இருந்தது. சரிபாதி! பெரிய கட்டடம், வெள்ளை உடுப்பு, பளபளக்கும் மெஷின் எல்லாம் இருந்தும் அப்படி. மெஷின் பெரிதா சிறிதா என்பது பேச்சு அல்ல. ஒரு கோழியிலிருந்து அடுத்த கோழிக்குக் கிருமி ஏற அது வழி விடுகிறதா என்பதுதான் பேச்சு. இது அந்தக் காலக் கணக்கு. ஆனால் கிருமி பரவுகிற வழி இன்றைக்கும் அதேதான்.

நாலு பேருக்கு வயிற்றுப்போக்கு வந்தால் என்ன, இரண்டு நாளில் சரியாகிவிடும் என்பார்கள் சிலர். எல்லாருக்கும் சரியாவதில்லை. 2013-இல் கெடாவின் யான் பகுதியில் ஒரு கல்யாண விருந்து. கோழிக்கறி சாப்பிட்ட பலர் நோயில் விழுந்தார்கள். நான்கு பேர் உயிரிழந்தார்கள். சால்மோனெல்லாதான் காரணம் என்று சுகாதார அமைச்சு அறிவித்தது. வாழ்த்தப் போன வீட்டிலிருந்து வந்த சாவு அது.

பணக்கார நாட்டில் இதெல்லாம் நடக்காது என்பதும் தப்பு. 2005 செப்டம்பரில், பிரிட்டனைச் சேர்ந்த தெற்கு வேல்ஸ் பகுதியில், 44 பள்ளிகளைச் சேர்ந்த பிள்ளைகளுக்கு ஈ.கோலி ஓ157 தொற்றியது. மொத்தம் 157 பேர். பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள். ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். பள்ளி மதியச் சாப்பாட்டுக்கு வெந்த கறி கொடுத்து வந்த ஓர் இறைச்சிக் கடையில் போய்ப் பார்த்தார்கள். காற்றை உறிஞ்சிவிட்டுப் பையில் கறி அடைக்கும் மெஷின் ஒன்று. அதே மெஷினில் பச்சைக் கறியையும் அடைத்தார்கள். வெந்த கறியையும் அடைத்தார்கள். என் அப்பாவின் பலாக்கட்டைக்கும் அந்த மெஷினுக்கும் என்ன வித்தியாசம் சொல்லுங்கள்? கடைக்காரருக்கு 2007-இல் ஓராண்டுச் சிறை விதித்தார்கள். பேராசிரியர் ஹியூ பென்னிங்டன் தலைமையில் விசாரணை நடந்து, 2009-இல் அறிக்கை வந்தது.

அதே பென்னிங்டன் அதற்கு முன்பும் இப்படி ஒரு விசாரணை நடத்தியவர். 1996-இல் ஸ்காட்லாந்தின் விஷா என்ற ஊரில், ஓர் இறைச்சிக் கடையிலிருந்து இதே கிருமி பரவி ஏறக்குறைய 500 பேர் பாதிக்கப்பட்டார்கள். முதியவர்கள் பலர் இறந்தார்கள். அந்தக் கடை ஸ்காட்லாந்தின் சிறந்த இறைச்சிக் கடை என்று விருது வாங்கிய கடை! பரிசு வாங்கப் போகிற பிள்ளைகள் இதைக் கவனித்துக்கொள்ளுங்கள். சுவரில் மாட்டிய பரிசு, கட்டையைக் கழுவாது.

‘எல்லாம் சரி ஐயா, நம்ம குழம்பு தளதளன்னு கொதிக்குது, அதுல எந்தக் கிருமி பொழைக்கும்?’ என்று ஒரு தாய் மனதில் நினைப்பது எனக்குத் தெரிகிறது. நியாயமான கேள்வி. உள்ளே எலும்புவரை 75 டிகிரிச் சூடு ஏறினால் சால்மோனெல்லா செத்துப்போகும். நம் சமையலின் பெரிய காவல் அதுதான். ஆனால் மூன்று ஓட்டை இருக்கிறது. ஒன்று, கறி வேகும். கறி தொட்ட பலகை வேகாது, கத்தி வேகாது, பச்சடி வேகாது. இரண்டு, கம்பியில் சுடுகிற கறியும் அவசரமாய்ப் பொரிக்கிற கோழியும் வெளியே கருகி, உள்ளே எலும்பு ஓரம் சிவப்பாகவே இருக்கும். மூன்று, ஸ்டெஃபிலோகாக்கஸ் என்று ஒரு கிருமி, புண்ணான கையிலிருந்தும் மூக்கிலிருந்தும் வருவது. வெளியே வெகுநேரம் கிடக்கிற சாப்பாட்டில் விஷத்தைக் கக்கி வைத்துவிடும். திரும்பக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும். அது கக்கிய விஷம் சாகாது.

இனி, என்ன செய்யலாம் என்பதைச் சொல்லி முடிக்கிறேன்.

இங்கே கோழிக்கடை, ஆட்டுக்கறிக் கடை வைத்திருக்கும் அன்பர்கள் சிலர் இருக்கிறீர்கள். உங்களைக் குற்றம் சாட்ட நான் வரவில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து, ஈரத்தில் நின்று, காலெல்லாம் சேற்றுப்புண்ணாகிப் பிழைக்கிற பிழைப்பு உங்களுடையது. ஒரே ஒரு வரிசையை மட்டும் மனதில் வையுங்கள்: முதலில் சுரண்டு, பிறகு சோப்புப் போட்டுத் தேய், பிறகு அலசு, கடைசியில்தான் மருந்து, அப்புறம் காய விடு. அழுக்கின் மேலே குளோரின் ஊற்றினால், அந்த மருந்து அழுக்கோடு சண்டை போட்டே தீர்ந்துவிடும். கிருமிக்கு ஒன்றும் மிஞ்சாது. வீட்டில் துணி வெளுக்கிற குளோரின் தண்ணீர், வாசனை கலக்காதது, நாலு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி போதும். அதை எந்த அமிலத்தோடும் மற்ற கழுவும் மருந்தோடும் கலக்காதீர்கள். நச்சுப் புகை வரும். முக்கும் தண்ணீரை இடையிடையே மாற்றுங்கள். வெடித்த ரப்பர் விரலைக் கழற்றிப் புதிது போடுங்கள். குடல் எடுக்க ஒரு கத்தி, கறி வெட்ட ஒரு கத்தி. இரவில் கட்டையை நிமிர்த்திக் காற்றுப் படும்படி வையுங்கள். ஈரம் போனால் கிருமிக்குப் பாதி பலம் போச்சு.

மரக்கட்டை கூடாது, பிளாஸ்டிக்தான் சுத்தம் என்று சொல்வார்கள். அமெரிக்காவில் டீன் கிளைவர் என்ற பேராசிரியர் 1990-களின் தொடக்கத்தில் இதைச் சோதித்தார். மரத்துக்குள் இறங்கிய கிருமி காயக் காயக் குறைந்துபோனது. கத்தி வெட்டு நிறைய விழுந்த பழைய பிளாஸ்டிக் பலகையைக் கையால் கழுவிச் சுத்தம் செய்வதுதான் கடினமாக இருந்தது. ஆகவே எந்தப் பலகையானாலும் ஆழமாக வெட்டு விழுந்துவிட்டால் இழைத்துவிடுங்கள், முடியாவிட்டால் மாற்றிவிடுங்கள்.

தாய்மார்களே, வீட்டில் இரண்டு பலகை வையுங்கள். பெரிய செலவு இல்லை. ஒன்று பச்சைக் கறிக்கு. இன்னொன்று காய்கறிக்கும் பழத்துக்கும். ஒன்றுதான் இருக்கிறது என்றால் முதலில் வெள்ளரிக்காய், கடைசியில் கறி. கறி கழுவும்போது குழாயை வேகமாகத் திறந்துவிட்டால் தண்ணீர் தெறித்துப் பக்கத்திலுள்ள தட்டெல்லாம் நனையும். பாத்திரத்துக்குள் மெதுவாகக் கழுவி, பிறகு அந்த இடத்தையும் சோப்பால் தேய்த்துவிடுங்கள். மஞ்சள் போட்டுப் பிசறியாச்சு, போதும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். இரவுச் சந்தையில் வாங்கும் கறியை மோட்டார்சைக்கிள் கூடையில் வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றாமல் நேராக வீட்டுக்கு வாருங்கள். பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் தண்ணீரை நிறுத்தாதீர்கள். கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய ஆறு தேக்கரண்டிச் சீனி, அரைத் தேக்கரண்டி உப்புக் கலந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். இரத்தம் கலந்து போனாலோ, பிள்ளை துவண்டு போனாலோ உடனே ஆஸ்பத்திரி. எங்கள் லயத்துப் பிள்ளைக்கு இதை அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால், இன்றைக்கு அந்தப் பிள்ளை பேரப்பிள்ளைகளோடு இங்கே உட்கார்ந்திருக்கலாம்.

நம் நாட்டில் 1983-ஆம் ஆண்டின் உணவுச் சட்டம் இருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் உணவுச் சுகாதார விதிமுறைகள் இருக்கின்றன. உணவைக் கையாளுகிறவர் பயிற்சிக்குப் போக வேண்டும். உடல் சோதனையும் தடுப்பூசியும் செய்துகொள்ள வேண்டும். சுத்தமில்லாத கடையை 14 நாள்வரை மூடவும் அதிகாரம் உண்டு. ஆனால் சட்டம் கடைக்காரரை மட்டும் கேட்டால் போதாது. மார்க்கெட்டில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா, கால்வாய் அடைபடாமல் ஓடுகிறதா, கை கழுவ இடம் இருக்கிறதா என்று ஊராட்சி மன்றத்தையும் நாம் கேட்க வேண்டும். வரி கட்டுகிறவர்கள் நாம். கேட்பது சண்டை அல்ல. கடையில் நின்று, ‘அண்ணே, கட்டைய ஒரு தடவ கழுவிட்டு வெட்டிக் குடுங்க’ என்று மரியாதையாகச் சொல்லுங்கள். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்கு அவர் கேட்காமலே கழுவுவார்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம் தருகிறேன். ஆசிரியர்கள் கோபிக்க வேண்டாம். இந்த வாரம் அம்மாவோடு மார்க்கெட்டுக்குப் போங்கள். கோழி எதையெதைத் தொட்டு வருகிறது என்று எண்ணி ஒரு தாளில் எழுதுங்கள். வீட்டுக்கு வந்து, உங்கள் சமையற்கட்டிலும் அதே போல் எண்ணுங்கள். இரண்டு தாளையும் அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள். உங்களில் ஒருவர் நாளைக்குக் கால்நடை மருத்துவராகலாம், ஆய்வுக்கூடத்தில் நுண்ணோக்கியைக் குனிந்து பார்க்கலாம், என்னைப் போல் சுகாதாரப் பகுதியில் சேரலாம். அல்லது அப்பாவின் கோழிக்கடையையே எடுத்து நடத்தலாம். எதைச் செய்தாலும் கருவியைக் கழுவிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

நேற்று மாலை நான் இங்கே வந்து, பின்கட்டில் சமைக்கிற அண்ணனிடம் இரண்டு பலகை கேட்டு வாங்கி வைத்துவிட்டுத்தான் போனேன். ஆகவே பயப்படாமல் பந்திக்கு வாருங்கள். பச்சடியும் இருக்கிறது.